பத்து வயதுக்குப் பிறகு

மலாலா யூசஃப்சாயின் பெயரைக் கேட்டதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 2012 அக்டோபர் 9 அன்று பள்ளி வேனில் அவர் சுடப்பட்டதே. ஆனால் ஓர் ஆயுதக்குழு 15 வயதுப் பெண்ணைப் பகையாகக் கருதும் அளவுக்கு அவர் என்ன கேட்டார் என்பது அதற்கு முந்தைய நான்காண்டுகளைப் பார்த்தால்தான் விளங்கும்.

பாகிஸ்தானின் வடமேற்கிலுள்ள ஸ்வாத் பள்ளத்தாக்கில், மிங்கோரா நகரில் 1997-இல் பிறந்த மலாலா, தந்தை ஜியாவுதீன் நடத்திய குஷால் பள்ளியில் படித்தார். 2007 வாக்கில் அங்கே வலுப்பெற்ற பாகிஸ்தான் தாலிபான்களின் ஸ்வாத் பிரிவுத் தலைவர் ஃபஸ்லுல்லா, பண்பலை வானொலியிலேயே மக்களுக்கு ஆணையிட்டு வந்ததால் ‘முல்லா ரேடியோ’ என்று பெயர் பெற்றவர். 2009 ஜனவரி 15-க்குப் பின் பெண்கள் பள்ளி எதுவும் நடக்கக் கூடாது என்று அவருடைய இயக்கம் அறிவித்தது. அந்நாள்களில் பிபிசி உருதுச் சேவைக்காக ‘குல் மக்கை’ என்ற புனைபெயரில் 11 வயது மலாலா எழுதிய நாட்குறிப்பில் முழக்கம் எதுவும் இல்லை. வகுப்பில் 27 பேரில் 11 பேரே வந்தது, சீருடையைத் தவிர்க்கச் சொன்னது போன்ற செய்திகளே இருந்தன, அதன் வலிமையும் அதுதான்.

பின்னர் தாலிபான்கள் சற்று இறங்கிவந்து, பத்து வயது வரையுள்ள சிறுமியர் மட்டும் படிக்கலாம் என்றபோது, அந்த வயதைக் கடந்த மலாலாவும் தோழியர் சிலரும் வயதைக் குறைத்துக் காட்டிக்கொண்டு வகுப்புக்குச் சென்றனர். தொடக்கக் கல்வி போதும் என்ற இந்த வரம்புதான் அவருடைய பிற்காலப் பரப்புரையின் இலக்கு எனலாம். ஐ.நா. 2000-இல் வகுத்த புத்தாயிரம் வளர்ச்சி இலக்குகளும் கல்வி வழங்குவதில் எல்லாக் குழந்தைகளுக்கும் தொடக்கப்பள்ளி என்பதோடு நின்றுவிட்டிருந்தன. தங்கள் பிள்ளைகளுக்கு இயற்கணிதமும் இயற்பியலும் வேண்டுமென நினைக்கும் தலைவர்கள், ஏழைநாட்டுக் குழந்தைகளுக்கு அடிப்படைக் கல்வியே போதும் என்று எண்ணுவது ஏன் என, 2014-இல் கைலாஷ் சத்யார்த்தியுடன் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்ற விழாவில் அவர் கேட்டார். மறுஆண்டு உலக நாடுகள் ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகளில் இடைநிலைக் கல்வியும் கட்டணமின்றி வழங்கப்பட வேண்டும் என்பது இடம்பெற்றது. இதை அவர் ஒருவரின் வெற்றி என்று சொல்வது மிகையாகும், ஆனால் அந்தக் கோரிக்கையின் முகமாக அவரைப் போல விளங்கியவர் வேறெவரும் இல்லை.

அவர் மேற்குலகின் செல்லப்பிள்ளை என்ற முணுமுணுப்பு பாகிஸ்தானில் இன்றும் உண்டு. ஆனால் அந்நாட்டு அரசமைப்பில் 2010-இல் சேர்க்கப்பட்ட 25-ஏ பிரிவே 5 முதல் 16 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியிருப்பதால், அவர் கேட்பது வெளியிலிருந்து வந்த சரக்கு அன்று.

ஸ்வாதில் விதித்த வரம்பு 2021-இல் ஆப்கானிஸ்தானில் தாலிபான் ஆட்சியில் மீண்டும் தோன்றியது. அங்கே ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளி இல்லை, 2022 டிசம்பரிலிருந்து பல்கலைக்கழகமும் இல்லை. இதைப் ‘பாலின ஒதுக்கல்’, அதாவது பாலினத்தைக் காட்டி ஒரு சாராரைப் பொதுவாழ்விலிருந்து முறைப்படி விலக்கும் ஆட்சிமுறை என்று கருதி, மானுடத்துக்கு எதிரான குற்றமாக்க வேண்டும் என 2023-இல் ஜோஹனஸ்பர்க்கில் மலாலா வலியுறுத்தினார். தென்னாப்பிரிக்காவில் நடந்ததைப் போன்ற இன ஒதுக்கலைக் குற்றமாக்கும் சர்வதேச உடன்படிக்கை 1973-இலேயே ஏற்கப்பட்டது. அவர் கேட்டது அதே அளவுகோலைப் பெண்களுக்கும் பொருத்த வேண்டும் என்பதே.