அணியை ஆக்கிய ஆசிரியர்

கோலார் தங்கவயலைச் சேர்ந்த இராபர்ட்சன்பேட்டை கன்னட நாட்டில் இருப்பினும், அதன் கடைவீதியில் நடப்பவர் செவியில் விழுவது பெரும்பாலும் தமிழே. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகச் சுரங்க வேலைக்கு வந்து குடியேறிய மக்களின் பேரப் பிள்ளைகள் இன்று அங்கே வாழ்கின்றனர். 1880-ஆம் ஆண்டையொட்டி ஜான் டெய்லர் கம்பெனியார் தொடங்கிய பெருஞ்சுரங்கத் தொழில், நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் நின்றுபோயிற்று. வெள்ளைக்காரர் கொண்டுவந்த கால்பந்தும் ஹாக்கியும் மட்டும் அவர்கள் போன பின்பும், சுரங்கம் மூடிய பின்பும், அவ்வூரை விட்டு அகலவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில் நாம் அங்கே ஒரு திடலின் ஓரத்தில் நின்று, சிறுவர்கள் பந்தாடுவதைக் கண்டுகொண்டிருந்தோம். பாதிப் பேர் காலில் செருப்புமில்லை; ஆயினும் பந்து அவர்கள் சொன்னபடி கேட்டது. நம் அருகில் நின்ற முதியவர் ஒருவர், சுரங்கத்தில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர், பெருமூச்சுடன் சொன்னார்: "பையன்களுக்குக் காலில் வித்தை இருக்குதுங்க. சொல்லிக் கொடுக்கத்தான் ஆளில்லை."

அச்சொல் நம் நெஞ்சில் நிலைத்துவிட்டது. சொல்லிக் கொடுக்க ஓர் ஆள் இருந்தால் என்ன நடக்கும்? இக்கேள்விக்கு நம் நாட்டு வரலாற்றிலேயே விடை உண்டு. அதைத் தேடி நாம் தக்காணத்தின் மற்றொரு நகருக்கு, ஐதராபாத்துக்குப் போகவேண்டும். வெளி மாநிலத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை ஒருவரும் அந்த விடையில் இடம் பெறுகிறார் என்பதால், நேயர்களுக்கு அது அயலார் கதையாகத் தோன்றாது.

சையது அப்துல் ரஹீம் 1909-ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றார். தொழிலால் அவர் பள்ளிக்கூட ஆசிரியர். இளமையில் தாமும் பந்தாடியவர். ஆனால் அவருடைய புகழ் அவர் கால்களால் வந்ததன்று. பிறர் ஆட்டத்தைக் கூர்ந்து நோக்குவதும், பிழை எங்கே என்று கண்டு திருத்துவதும், எந்தப் பிள்ளையை எந்த இடத்தில் நிறுத்தினால் அவன் சிறப்பான் என்று அறிவதுமே அவருடைய திறமை. வகுப்பறையில் நல்லாசிரியர் செய்வதைத் திடலில் செய்தார் என்று சொல்லிவிடலாம்.

ஐதராபாத் நகரப் போலீஸ் அணி அவர் கைக்கு வந்தது. 1943-ஆம் ஆண்டில் பெங்களூரில் நடந்த ஆஷ் தங்கக் கோப்பைப் பந்தயத்தில், அவ்வணி பிரிட்டிஷ் விமானப் படையின் அணியை வென்றது. எதிரணியில் ஆடியவர்களுள் ஒருவர் டெனிஸ் காம்ப்டன். கிரிக்கெட்டிலும் கால்பந்திலும் இங்கிலாந்தில் பேர் பெற்றவர். அதன்பின் நடந்ததை எண்களே சொல்லும். பம்பாயில் நடைபெற்றுவந்த ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை அப்போலீஸ் அணி வென்றது. 1950-இல் டூரண்ட் கோப்பையையும் கைப்பற்றியது. கல்கத்தாவின் பெரிய சங்கங்களுக்கே உரியது என்று கருதப்பட்ட ஓர் ஆட்டத்தில், கான்ஸ்டபிள்களைக் கொண்ட ஒரு குழு இவ்விதம் ஓங்கி நின்றது அந்நாளில் பெரு வியப்பாயிருந்தது.

இதற்கு அவர் கையாண்ட வழிகள் யாவை? அவற்றை நாம் சற்று விளக்கமாகக் காண்போம். ஏனெனில் அவற்றுள் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதன்று.

பெரும்பாலான ஆட்டக்காரருக்கு ஒரு கால் வலிது, மற்றது மெலிது. வலக்காலையே நம்பி ஆடுகிறவனை எதிரி எளிதில் மடக்கிவிடுவான். ரஹீம் என்ன செய்தார்? பழக்கமில்லாத காலால் மட்டுமே பந்தை உதைக்கலாம் என்ற விதியோடு சிறுவர்களுக்குச் சிறு சிறு பந்தயங்களை நடத்தினார். பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு தனியே ஓடும் ஆசையை அடக்குவதற்காக, அவ்விதம் ஓடுவதையே தடுக்கும் பந்தயங்களையும் ஏற்படுத்தினார். உயரம் குறைந்த பிள்ளைகள் பெரியவர்களோடு மோதி மனமுடையாதபடி, உயரத்துக்கு வரம்பு வைத்தும் ஆட்டங்கள் நடந்தன. "இதைச் செய்யாதே" என்று நூறு முறை கடிந்து சொல்வதைவிட, விளையாட்டின் விதியையே மாற்றிக் குறையைத் தானாக நீங்கச் செய்வது எவ்வளவு நயமான உபாயம்! பிள்ளைகள் அதைப் பயிற்சியென்றே எண்ணியிருக்க மாட்டார்கள்.

1950-ஆம் ஆண்டில் இந்திய அணியின் பொறுப்பும் ரஹீமிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது நம் ஆட்டம் இருந்த நிலையை நேயர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். 1948-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடி, பிரான்சிடம் 1-2 என்று தோற்றிருந்தனர். உலகெங்கும் ஆட்டம் 90 நிமிடம் நடக்க, நம் நாட்டில் 70 நிமிடமே நடந்துவந்தது. இந்நிலையிலிருந்து 1951-இல் புது டில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுப் பந்தயத்தில், இறுதியாட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது.

ஆனால் மறு ஆண்டே பேரிடி விழுந்தது. 1952-இல் ஹெல்சிங்கியின் குளிரில் யுகோஸ்லாவியா நம்மை 10-1 என்று முறியடித்தது. வேறொருவராயிருந்தால் குளிரின் மேலும் விதியின் மேலும் பழியைப் போட்டுவிட்டு அமர்ந்திருப்பார். அத்தோல்விக்குப் பின் நம் ஆட்டக்காரர்கள் பூட்ஸ் அணிந்தே ஆடவேண்டும் என்பது விதியாயிற்று. ரஹீமோ, அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹங்கேரியர் ஆடும் முறையை ஆராய்ந்தார். அவர்களுடைய நடு முன்னணி ஆட்டக்காரர் எதிரியின் கோலருகே நின்று காத்திராமல் சற்றுப் பின்னால் இறங்கி நிற்பார். அவரைக் காவல் காப்பவன் அவர் பின்னே போவதா, தன் இடத்தில் நிற்பதா என்று திகைப்பான். அத்திகைப்பில் வழி திறக்கும். மற்ற முன்னணியினர் அவ்வழியே உட்புகுவர். இந்த உத்தியை ரஹீம் நம்மவருக்குப் பழக்கினார்.

பலன் நான்கே ஆண்டுகளில் தெரிந்தது. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஹங்கேரி விலகிக்கொண்டதால் முதற் சுற்றைத் தாண்டிய இந்தியா, அடுத்த சுற்றில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று வென்றது. நெவில் டிசூசா அன்று மூன்று கோல்கள் போட்டார். அரையிறுதியில் அதே யுகோஸ்லாவியாவுக்கு எதிராக முதல் கோலைப் போட்டதும் நாமே; முடிவில் 4-1 என்று அவர்கள் வென்றனர். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்று, நான்காம் இடம் பெற்றோம். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அதற்கு மேல் ஏறியதில்லை.

அந்த அணியில் இருபது வயது இளைஞர் ஒருவர் இருந்தார். துளசிதாஸ் பலராம் என்பது அவர் பெயர். செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்கு மகனாகப் பிறந்தவர். வறுமைக் குடும்பம். பழைய போலீஸ் பூட்ஸை வாங்கி, தோல் தைப்பவரிடம் கொடுத்துப் பந்தாட்டத்துக்கு ஏற்ப மாற்றி அணிந்து ஆடப் பழகியவர். அவருடைய ஆட்டத்தைக் கண்ட ரஹீம், ஐதராபாத் அணித் தேர்வுக்கு வருமாறு அழைத்தார். அம்முகுடாவிலிருந்து நாள்தோறும் ஐதராபாத்துக்கு வந்துபோகத் தம்மிடம் வசதியில்லை என்று பலராம் தெரிவித்தார். "வசதியிருந்தால் வா" என்று ரஹீம் விட்டுவிடவில்லை; மிதிவண்டிக்கு ஏற்பாடு செய்து கொடுத்தார். அந்த மிதிவண்டி இல்லையேல், இரண்டு ஒலிம்பிக்குகளில் ஆடி, 1960-இல் ரோமாபுரியில் ஹங்கேரிக்கும் பெருவுக்கும் எதிராகக் கோல் போட்ட பலராமை நாம் அறிந்திருக்க மாட்டோம்.

ரஹீமின் வாழ்வில் இச்செய்தியையே நாம் தலையாயதாக மதிக்கிறோம். பிள்ளையின் திறமைக்கும் திடலுக்கும் நடுவே நிற்கும் தடை பல வேளைகளில் மிகச் சிறியது. ஒரு மிதிவண்டி, ஒரு ஜோடி பூட்ஸ், பெற்றோரிடம் போய்ப் பேச ஒரு பெரியவர். ஆனால் அத்தடையை ஏழைப் பிள்ளை தானே நீக்கிக்கொள்ள முடியாது.

1962-ஆம் ஆண்டு, ஜகார்த்தா. இஸ்ரேலையும் தைவானையும் சேர்த்துக்கொள்ளாத இந்தோனேசியாவை, ஆசிய விளையாட்டுச் சம்மேளனத்தில் பொறுப்பு வகித்த இந்தியரான சோந்தி கண்டித்திருந்தார். அதனால் அந்நகர மக்கள் நம்மவர் மீது சினம் கொண்டிருந்தனர். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. தாய்லாந்தோடு ஆடியபோது பின்காவலரான ஜர்னைல் சிங்கின் தலையில் காயம் பட்டுத் தையல் போடவேண்டியதாயிற்று. ரஹீம் அவரை ஒதுக்கிவிடவில்லை. தமது அனுபவத்தால் துணிந்து, முன்னணியில் நிறுத்தினார். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் ஒரு கோல் போட்டார். செப்டம்பர் 4-ஆம் நாள் இறுதியாட்டத்தில் மீண்டும் தென் கொரியா. ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர் கூச்சலிட்ட அரங்கில், பி. கே. பானர்ஜி ஒரு கோலும் ஜர்னைல் சிங் ஒரு கோலும் போட, இந்தியா 2-1 என்று வென்றது. காய்ச்சலால் ஒதுங்கியிருந்த பீட்டர் தங்கராஜ் அன்று கோலைக் காத்து நின்றார். தங்கராஜ், பலராம், அருமைநாயகம், எத்திராஜ் என்று அக்குழுவின் பட்டியலில் ஒலிக்கும் பெயர்கள் நம் செவிக்கு எவ்வளவு உறவானவை!

அவ்வெற்றிக்குப் பின் ரஹீம் நெடுநாள் வாழவில்லை. 1963 ஜூன் 11-ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார். வயது 53. அவருக்குப் பின் 1970-இல் பாங்காக்கில் வெண்கலம் கிடைத்தது; ஆசியக் கால்பந்துத் தங்கம் இன்றுவரை இந்தியாவுக்குத் திரும்பவில்லை. ஐதராபாத்தின் பந்தாட்டப் பெருமையும் நாளடைவில் மங்கிற்று. பல்லாண்டுகள் மறந்திருந்த அவர் பெயரை 2024-இல் வெளிவந்த 'மைதான்' என்னும் இந்தித் திரைப்படம் நாடெங்கும் நினைவூட்டியது.

இவ்விடத்தில் நாம் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். ரஹீம் ஓர் அணியை ஆக்கினார். தமக்குப் பின் பல ரஹீம்களை ஆக்கும் அமைப்பொன்று அவரைச் சுற்றி எழவில்லை. அது அவர் குற்றமன்று. ஒரே மனிதரின் தோளில் பாரத்தை ஏற்றிவிட்டுக் கைதட்டிக்கொண்டிருந்த நம் எல்லோருடைய குறை அது. கற்பித்தவரைப் போற்றுகிறோம், அவர் கற்பித்த முறையை எழுதி வைப்பதில்லை, அடுத்தவருக்குப் பழக்குவதில்லை.

மீண்டும் இராபர்ட்சன்பேட்டைக்கு வருவோம். அங்குள்ள இளைஞர்களுள் ஆயிரக்கணக்கானோர் விடியற்காலை இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். சுரங்கக் கம்பெனி இருந்த நாளில் விளையாட்டுக்கு ஓர் ஆதரவு இருந்தது. இன்று அதை எதிர்பார்க்க இயலாது. ஆயினும் ரஹீமின் கையிலும் தொடக்கத்தில் பெரும் பொருள் இல்லை. இடக்கால் பந்தயம் நடத்த ஒரு பந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். உள்ளூர்ப் பள்ளியின் தேகப் பயிற்சி ஆசிரியர் ஒருவரும், பழைய ஆட்டக்காரர் இருவரும் சேர்ந்தால் வேலை தொடங்கிவிடும். கற்றுக்கொண்ட பெரிய பையன் சின்னவனுக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டும் என்பதை முதல் நாளே விதியாக்கிவிட்டால், ஐதராபாத்துக்கு நேர்ந்தது அங்கே நேராது.

தங்கவயலை விட்டுச் சென்று பெங்களூரிலும் பம்பாயிலும் டில்லியிலும் வாழும் நேயர்கள் பலர் இருப்பீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை திருவிழாவுக்கு ஊர் செல்லும்போது, கோயிலுக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பகுதியை ஒரு பிள்ளையின் பூட்ஸுக்கோ இரயில் கட்டணத்துக்கோ ஒதுக்க இயலுமானால், அம்முகுடாவிலிருந்து வந்த அந்த மிதிவண்டி இராபர்ட்சன்பேட்டைத் தெருக்களிலும் ஒரு நாள் ஓடும்.

அன்று நம்மிடம் பேசிய முதியவரை மறுபடி சந்திக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டவில்லை. கிட்டினால், "ஆள் இல்லை என்று சொன்னீர்களே ஐயா, நீங்கள் ஆடியவர்தாமே? நாளை மாலை திடலுக்கு வாருங்கள்" என்று அவரையே அழைக்க எண்ணியிருக்கிறோம்.