ஆற்று மணல் போனால் கிணற்று நீரும் போகும்

பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி தண்ணீர் ஓடுவதில்லை. ஆனாலும் அந்த ஆற்றை நம்பிக் காஞ்சிபுரம், வேலூர் வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக நெல் விளைந்தது. மேலே வறண்டு கிடந்தாலும் மணலுக்கு அடியில் நீர் நகர்ந்துகொண்டிருந்ததே காரணம். படுகையில் ஊற்றுக்கால் வெட்டி அந்த நீரை வயலுக்குக் கொண்டுவந்தார்கள். கரையோரக் கிணறுகளும் அதே நீரில்தான் ஊறின.

நீருக்கும் கிணற்றுக்குமான இந்த உறவு எங்கே அறுபடுகிறது?

முதலில், மணல் அள்ளுவதில். படுகையை ஆழமாகத் தோண்டினால் பள்ளம் கரையோர நிலத்தடி நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்துவிடும். கிணற்றுக்கு ஆறு நீர் கொடுத்தது போய், கிணற்று நீர் பள்ளத்துக்கு வடிந்து வெயிலில் ஆவியாகும். வெள்ளம் வந்தாலும் பிடித்துவைக்க மணல் இருக்காது. விவசாயி கிணற்றை ஆழப்படுத்துவார், சைடு போர் போடுவார், கடைசியில் கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு தோண்டுவார்.

அடுத்தது, ஏரி. ஏரி நிரம்பினால் ஆயக்கட்டுக் கிணறுகளில் நீர் ஏறும். வரத்துக்காலை மறித்து மனை போட்டால் இரண்டுமே காயும்.

மூன்றாவது, கழிவு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் உப்பும் குரோமியமும் மண்ணில் இறங்கிக் கிணறுகளைக் கெடுத்தன. ஆற்றோரம் அளவுக்கு மீறி இறைத்தால் ஆற்றின் அழுக்கையும் மோட்டார் தன் பக்கம் இழுக்கும். பார்க்கத் தெளிவாக இருக்கும் அந்த நீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. வாய்க்கால் ஓரத்தில் உப்புப் பூக்கும். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீரே இல்லாவிட்டால் 2,000 வரை அனுமதி என்கிறது இந்தியத் தரநிர்ணயம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தன் நிலத்துக்கு அடியில் உள்ள நீரை எடுக்கும் உரிமையை நில உரிமையாளருக்கு 1882-ம் ஆண்டுச் சட்டம் தருகிறது. ஆனால் அதைக் கெடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை. 1974-ம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் ஆற்றோடு நிலத்தடி நீரையும் கிணற்றையும் சேர்த்தே காக்கிறது. பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடும் சீரமைப்புச் செலவும் ஏற்க வேண்டும் என்றது.

நீங்கள் என்ன செய்யலாம்?

• கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதித்து, அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள்.

• மணல் குவாரியின் சுற்றுச்சூழல் அனுமதியையும் நிபந்தனைகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள். அனுமதித்த ஆழத்தைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியரிடம் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

• ஏரி, வரத்துக்கால் ஆக்கிரமிப்புகளைக் கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ம் ஆண்டு முதல் தமிழகத்தில் தனிச் சட்டமே உண்டு.

• தீர்வு கிடைக்காவிட்டால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த 6 மாதத்துக்குள், இழப்பீடு கேட்பதென்றால் 5 ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும். மாதம் ஒருமுறை, ஒரே தேதியில், கயிறு விட்டுக் கிணற்று நீர்மட்டத்தை அளந்து எழுதிவையுங்கள். கோடையில் இறங்குவது வழக்கம்தான். நல்ல மழைக்குப் பிறகும் ஏறவில்லை என்றால் அந்த நோட்டோடு புகார் கொடுங்கள்.