மாதாஜி, பிள்ளைகள் மட்டும்தான் உள்ளே!

2023 ஜூன் மாதம். தில்லி வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேர்வு நடந்த பள்ளிக்கூட வாசலில் காவலாளி என்னைத் தடுத்தார். "மாதாஜி, பிள்ளைகள் மட்டும்தான் உள்ளே போகலாம். நீங்கள் அந்த வேப்பமர நிழலில் உட்காருங்கள்" என்றார் இந்தியில். மரியாதையாகத்தான் சொன்னார். ஹால் டிக்கெட்டை நீட்டினேன். அதிலிருந்த படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

அப்போது எனக்கு வயது 53. 1988-ல் பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணமாகி, கும்பகோணத்திலிருந்து ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். இப்போது துவாரகாவில் இருக்கிறோம். பெண்ணைக் கட்டிக் கொடுத்த பிறகு, இக்னோ என்று நாம் சொல்லும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. சேர்ந்தேன். "இந்த வயசில் எந்த ஆபீசில் உனக்கு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள்?" என்றார் என் கணவர்.

விதியைப் பார்த்தால் வயதுக்கு மேல்வரம்பே கிடையாது. மூன்று வருஷப் படிப்பை ஆறு வருஷம் வரை இழுக்கலாம். ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு. தவறிய பாடத்தைக் கட்டணம் கட்டி மறுபடி எழுதலாம். 1962-லேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிய ஊர் இந்தத் தில்லி. வரம்பெல்லாம் நம் மனசில்தான் இருந்தது. சம்பந்தி வீட்டார் வந்தால் பாடப் புத்தகங்களை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தவள் நான்!

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் வேறு மாதிரித் தொல்லை. "இந்த அம்மாவைப் பாருங்கள்" என்று ஆசிரியர் என்னையே உதாரணம் காட்டுவார். ஒரு சந்தேகம் கேட்டால் பதிலுக்குப் பாராட்டுத்தான் கிடைக்கும். நான் பாராட்டு வாங்கப் போகவில்லை. பொருளாதாரம் புரியவில்லை என்றுதான் போனேன்.

அந்தப் பொருளாதாரத்தில்தான் தவறினேன். 35 வேண்டும், கிடைத்தது 29. யாரிடமும் சொல்லவில்லை. போதும், விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஞாபகசக்தி போய்விட்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். நிதானமாக யோசித்தபோதுதான் தெரிந்தது, கடைசி இரண்டு கேள்விகளைத் தொடவே இல்லை. விடை தெரியும், கை ஓடவில்லை. முப்பத்தைந்து வருஷமாக மளிகைக் கணக்குத் தவிர வேறென்ன எழுதினேன்? அசைன்மெண்டையும் கையால்தான் எழுத வேண்டும், ஆனால் அதை நாலு நாள் வைத்து எழுதலாம். தேர்வில் மூன்று மணி நேரம்தான்.

அன்று முதல் மத்தியானம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பழகினேன். ஒரு நாள் பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது. "மணி அஞ்சு. பேனாவைக் கீழே வை!" நாற்காலி கேட்ட அதே மனுஷர்தான். அடுத்த தடவை பொருளாதாரத்தில் 52.

இன்னும் இரண்டு பேப்பர் பாக்கி, டிசம்பரில் எழுதுகிறேன். துவாரகா பக்கத்திலிருந்து நம் அன்பர்கள் யாராவது தேர்வுக்குப் போவதாக இருந்தால் சங்கத்தில் சொல்லி வையுங்கள். ஆட்டோவுக்குப் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம்.