“கை வலிக்குதும்மா!” - எழுத மறுக்கும் சுட்டிக்கு என்ன செய்யலாம்?

எல்.கே.ஜி ஹோம்வொர்க் நோட்டை எடுத்தாலே, ‘கை வலிக்குதும்மா’ என்று சிணுங்குகிறதா உங்கள் குழந்தை? சாக்கு சொல்வதாக நினைத்து அதட்டாதீர்கள். நிஜமாகவே வலிக்கலாம்.

மணிக்கட்டில் 8 சிறிய எலும்புகள் உண்டு. பிறக்கும்போது இவை குருத்தெலும்புகள்தான். ஒவ்வொன்றாக எலும்பாகி முடிய 10 வயதுகூட ஆகலாம். 4 வயதுக் கை பக்கம் பக்கமாக எழுதினால் சோர்ந்துதான் போகும்.

முதலில் விரல்களுக்கு வேலை

சப்பாத்தி மாவு உருட்டுவது, பட்டாணி உரிப்பது, காயும் துணிக்கு கிளிப் போடுவது... எல்லாமே பென்சில் பிடிப்பதற்கான பயிற்சிதான். விஜயதசமியன்று தாம்பாளத்தில் அரிசி பரப்பி விரலால் எழுத வைப்போமே, அதை ஒரு நாளோடு நிறுத்தாமல் ரவையிலோ மணலிலோ தொடருங்கள்.

மூன்று எழுத்தில் தொடங்கலாம்

தமிழில் 247 எழுத்துகளா என்று மலைக்க வேண்டாம். ‘அ’வின் சுழியைவிட, நேர்கோடுகளால் ஆன ‘ட’, ‘ப’ எழுத எளிது. கூடவே ‘ம’வும், மேலே வைக்கும் புள்ளியும் தெரிந்தால் படம், பட்டம், மடம் என வார்த்தைகளையே வாசித்துவிடலாம்.

தினமும் ஒரு கதை

தூங்கும் முன் 10 நிமிடம், வரியின் கீழ் விரலை ஓட்டியபடி படக்கதை வாசித்துக் காட்டுங்கள். நாம் பேசுவதுதான் எழுத்தாக இருக்கிறது என்பது தானாகப் புரியும்.

ஆறு வயதுக்குப் பிறகும் சட்டை பட்டன் போட, பென்சில் பிடிக்கத் திணறினால் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

நோட்டு கொஞ்சம் தாமதமாக நிரம்பட்டும், பரவாயில்லை. எழுத்தைக் கண்டு பயம் வந்துவிடக் கூடாது, அதுதான் முக்கியம்!