எம்.பி.பி.எஸ். மார்க் மேல்படிப்புக்கு கை கொடுக்குமா? கிளென்மார்கன் பெற்றோரும் தெரிஞ்சுக்க வேண்டிய கணக்கு

ஊட்டி:
"பிள்ளை எம்.பி.பி.எஸ். முடிச்சா போதும், அப்புறம் ஸ்பெஷலிஸ்ட் ஆயிடலாம்" என்ற நம்பிக்கை எஸ்டேட் லைன் வீடுகளிலும் இப்போது வந்து விட்டது. காரணம் இருக்கிறது. அரசு பள்ளியில் படித்த மாணவர்களுக்கு மருத்துவ படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ம் ஆண்டு முதல் கிடைக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் சேருபவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது.

ஊட்டியிலேயே அரசு மருத்துவ கல்லூரியும் வந்தாச்சு. தமிழகத்தில் புதிதாக கட்டப்பட்ட 11 மருத்துவ கல்லூரிகள் 2022-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி திறக்கப்பட்டன. அதில் ஊட்டி கல்லூரியும் ஒன்று. இங்கு 150 எம்.பி.பி.எஸ். இடங்கள் உள்ளன. கல்லூரிக்கான 700 படுக்கை ஆஸ்பத்திரி 2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் திறக்கப்பட்டது.

ஆனால் சீட் கிடைத்த பிறகு என்ன நடக்கும்? கல்லூரியில் வாங்குகிற மார்க், பேராசிரியர் போடுகிற இன்டர்னல் மார்க், பயிற்சி டாக்டராக வேலை பார்த்ததற்கான சான்று இதெல்லாம் எம்.டி., எம்.எஸ். சேர எந்த அளவுக்கு உதவும்? பல பெற்றோருக்கு இது தெரிவதில்லை.

அன்று மார்க்கும் ஒரு வழி

இந்திய மருத்துவ கவுன்சில் 2000-ம் ஆண்டு கொண்டு வந்த மேற்படிப்பு விதிகளில் மாணவர்களை தேர்வு செய்ய 4 வழிகள் சொல்லப்பட்டிருந்தன. மாநில அரசோ, பல்கலைக்கழகமோ நுழைவு தேர்வு நடத்தலாம். தேசிய அளவில் ஒரே தேர்வு நடத்தலாம். ஒரே பல்கலைக்கழகத்தில் படித்தவர்களாக இருந்தால் எம்.பி.பி.எஸ். மார்க்கை மட்டும் வைத்தே சீட் கொடுக்கலாம். இல்லையென்றால் நுழைவு தேர்வு மார்க்கையும், எம்.பி.பி.எஸ். மார்க்கையும் சேர்த்து பார்க்கலாம்.

அதாவது அந்த காலத்தில் கல்லூரி மார்க்குக்கு ஒரு விலை இருந்தது. 2017-ம் ஆண்டு முதல் நீட் பி.ஜி. கட்டாயம் ஆனதும் அந்த கதை முடிந்தது.

இன்று நீட் பி.ஜி. தான் எல்லாம்

இப்போது ஒருவர் எம்.பி.பி.எஸ்.சில் தங்க பதக்கம் வாங்கியிருந்தாலும், தட்டுத்தடுமாறி பாஸ் செய்திருந்தாலும் நீட் பி.ஜி. ரேங்க் பட்டியலில் இருவரும் ஒரே வரிசையில் தான் நிற்க வேண்டும். இந்த தேர்வில் 200 கேள்விகள். ஒவ்வொரு சரியான பதிலுக்கும் 4 மார்க். தப்பாக எழுதினால் 1 மார்க் போய்விடும். மொத்தம் 800 மார்க். எம்.பி.பி.எஸ்.சில் படித்த 19 பாடங்களில் இருந்தும் கேள்வி வரும்.

தகுதி பெற 50 பெர்சன்டைல் என்பார்கள். இது 50 சதவீத மார்க் அல்ல. தேர்வு எழுதியவர்களில் பாதி பேரை விட மேலே இருக்கிறார் என்று அர்த்தம். 2023-ம் ஆண்டு காலி இடங்களை நிரப்ப இந்த அளவை பூஜ்ஜியம் வரை குறைத்ததும் நடந்தது. ஆனால் தகுதி கிடைத்தாலே விரும்பிய சீட் கிடைத்து விடாது. குழந்தைகள் மருத்துவம், பொது மருத்துவம், ஸ்கேன் எடுக்கும் ரேடியாலஜி போன்ற பிரிவுகளுக்கு நல்ல ரேங்க் வேண்டும்.

அப்போ கல்லூரி மார்க் வேஸ்ட்டா?

இல்லை. ரேங்கில் சேராவிட்டாலும் கதவை திறப்பதும், மூடுவதும் அதுதான்.

* எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை ஆண்டு. அதன் பிறகு ஓராண்டு பயிற்சி டாக்டர். இந்த இரண்டையும், அந்த ஆண்டு அறிவிக்கப்படும் கடைசி தேதிக்குள் முடித்தால் தான் நீட் பி.ஜி. மூலம் சேர முடியும்.

* வகுப்பு பாடத்துக்கு 75 சதவீதம், செய்முறைக்கு 80 சதவீதம் வருகை வேண்டும். இன்டர்னல் மார்க்கில் எழுத்து, செய்முறை இரண்டிலும் தலா 40 சதவீதமாவது எடுத்து, சேர்த்து 50 சதவீதம் வர வேண்டும். இது இல்லையென்றால் பல்கலைக்கழக தேர்வில் சிக்கல்.

* ஒரு பாடத்தில் பெயில் ஆனால் பயிற்சி தள்ளிப்போகும். பயிற்சி தள்ளிப்போனால் அந்த ஆண்டு கடைசி தேதி தவறும். ஒரு அரியரால் ஒரு வருஷமே போய்விடும்.

* பயிற்சி காலத்தில் வேலை திருப்தியாக இல்லை என்று துறை தலைவர் சொன்னால் பயிற்சி நீட்டிக்கப்படும். பயிற்சி முடித்த சான்று இல்லாமல் டாக்டராக நிரந்தர பதிவும் கிடையாது.

கூலி வேலை பார்த்து பிள்ளையை படிக்க வைக்கும் குடும்பத்துக்கு ஒரு வருஷ தாமதம் என்பது சின்ன விஷயம் இல்லை.

மலையில் வேலை பார்த்தால் போனஸ்

நீலகிரி மக்கள் முக்கியமாக கவனிக்க வேண்டிய இடம் இது. அதே 2000-ம் ஆண்டு விதிகளில் பின்னர் ஒரு சலுகை சேர்க்கப்பட்டது. எளிதில் போக முடியாத, சிரமமான பகுதிகளில் வேலை பார்க்கும் அரசு டாக்டர்களுக்கு, அவர்கள் எடுத்த நுழைவு தேர்வு மார்க்கில் ஆண்டுக்கு 10 சதவீதம் வரை கூடுதலாக தரலாம். அதிகபட்சம் 30 சதவீதம்.

கணக்கு போட்டு பார்ப்போம். ஒரு டாக்டர் 400 மார்க் எடுக்கிறார். 3 ஆண்டு மலையில் வேலை பார்த்து முழு சலுகையும் பெற்றால் 120 மார்க் சேரும். மொத்தம் 520. டவுனில் இருந்து கொண்டு 500 எடுத்தவரை அவர் முந்தி விடுவார்.

தமிழகத்தில் அரசு டாக்டர்களுக்கு மேற்படிப்பில் 50 சதவீத இடம் நீண்ட காலமாக ஒதுக்கப்பட்டு வந்தது. 2017-ம் ஆண்டு அது கோர்ட்டில் நிற்கவில்லை. அரசு டாக்டர்கள் மாநிலம் முழுவதும் போராட்டத்தில் குதித்தனர். போனஸ் மார்க் முறை மட்டும் கையில் இருந்தது. 2020-ம் ஆண்டு ஆகஸ்ட் 31-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகள் அமர்வு, அரசு டாக்டர்களுக்கு தனி இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு தமிழகத்தில் அந்த ஒதுக்கீடு திரும்ப வந்தது.

இதில் கிளென்மார்கனுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஊட்டியில் இருந்து சுமார் 20 கிலோ மீட்டர் தூரம். ஒரு பக்கம் தேயிலை தோட்டம், மறுபக்கம் சிங்காரா மின் நிலையத்துக்கு இறங்கும் மின்வாரிய விஞ்ச். மழை, பனிமூட்டம் வந்தால் பக்கத்து வளைவு கூட தெரியாது. இப்படிப்பட்ட ஊர்களுக்கு பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் இளம் டாக்டர்கள் தங்கி வேலை பார்க்க ஒரு காரணம் வேண்டும். மேல்படிப்பு சலுகை தான் அந்த காரணம். அது குறைந்தால் ராத்திரி பிரசவ வலி வந்த பெண்ணுக்கும், கை அடிபட்ட தொழிலாளிக்கும் ஊட்டி வரை ஓட வேண்டிய நிலை வரும்.

வெளிநாட்டில் வேற கணக்கு

அமெரிக்காவில் மேற்படிப்பை 'ரெசிடென்சி' என்பார்கள். அங்கே கல்லூரி மதிப்பீட்டுக்கு நிஜமாகவே மவுசு உண்டு. ஒவ்வொரு வார்டிலும் மாணவர் எப்படி வேலை பார்த்தார் என்று எழுதுகிறார்கள். அதை வைத்து கல்லூரி டீன் தரப்பில் ஒரு அறிக்கை போகும். பேராசிரியர்களின் சிபாரிசு கடிதமும் வேண்டும். பிறகு நேர்காணல். 2022-ம் ஆண்டு ஜனவரி முதல் அங்குள்ள முதல் கட்ட லைசென்ஸ் தேர்வுக்கு மார்க் கிடையாது, பாஸ் அல்லது பெயில் மட்டும் தான். அதனால் மற்ற மதிப்பீடுகளுக்கு எடை கூடி விட்டது. நம்ம ஊரில் படித்து அமெரிக்கா போக நினைப்பவர்கள் முதல் ஆண்டில் இருந்தே மார்க் பட்டியலை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படித்து திரும்புகிறவர்களுக்கு இங்கே இன்னொரு தடை உண்டு. 300 மார்க்குக்கு நடக்கும் தகுதி தேர்வில் 150 எடுத்தால் தான் டாக்டர். அங்கே வாங்கிய மார்க் இங்கே நீட் பி.ஜி.க்கு உதவாது. "அங்க படிச்சா பி.ஜி. சீட் ஈசி" என்று ஏஜெண்ட் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நெக்ஸ்ட் வந்தால்?

2019-ம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணைய சட்டத்தில் 'நெக்ஸ்ட்' என்ற தேர்வு சொல்லப்பட்டுள்ளது. கடைசி ஆண்டு தேர்வும், டாக்டர் பதிவும், மேற்படிப்பு ரேங்கும் ஒரே தேர்வில் என்பது திட்டம். 2023-ம் ஆண்டு அறிவித்து விட்டு பிறகு தள்ளி வைத்தார்கள். தமிழக அரசும் எதிர்ப்பு தெரிவித்தது. அது வந்தால் கடைசி ஆண்டு படிப்பே மேல்படிப்பை முடிவு செய்யும்.

என்ன செய்யலாம்?

அரியர் வைக்காமல் முடிப்பது முதல் வேலை. வருகை பதிவை மாதாமாதம் பார்த்து கொள்ள வேண்டும். பயிற்சி காலத்தில் லீவு எடுத்து கோச்சிங் போனால், விட்ட நாட்களை சேர்த்து வேலை பார்க்க வேண்டி வரும். அரசு வேலையில் சேர்ந்தவர்கள், தங்கள் சுகாதார நிலையம் மலைப்பகுதி பட்டியலில் வருகிறதா, போனஸ் எத்தனை சதவீதம் என்பதை அந்தந்த ஆண்டு கவுன்சிலிங் விளக்க கையேட்டில் பார்த்து, சர்வீஸ் சான்றை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

ஊட்டி கல்லூரியில் 2022-ல் காலடி வைத்த முதல் செட் மாணவர்கள் தான், இந்த மலையிலேயே படித்து நீட் பி.ஜி. களத்துக்கு போகும் முதல் ஆட்கள். அவர்களில் எத்தனை பேர் ஸ்பெஷலிஸ்டாகி மலைக்கே திரும்பி வருவார்கள் என்பது தான் தோட்ட தொழிலாளர்களின் எதிர்பார்ப்பு.