புத்தகத்துக்குத் தணிக்கை வாரியம் இல்லை. பிறகு யார் நிறுத்துகிறார்கள்?

2018 ஜனவரி 7 அன்று ராஜபாளையத்தில் நடந்த விழாவில் கவிஞர் வைரமுத்து ஆண்டாள் பற்றிய கட்டுரையை வாசித்தார். 'தமிழை ஆண்டாள்' என்று தலைப்பு. மறுநாள் அது தினமணியில் வெளியானது. கட்டுரையின் பெரும்பகுதி ஆண்டாளின் தமிழைக் கொண்டாடுவதுதான். ஆனால் சுபாஷ் சந்திர மாலிக் தொகுத்த ஆய்வு நூல் ஒன்றிலிருந்து எடுத்தாண்ட ஒரு வரி, ஆண்டாள் திருவரங்கம் கோயிலில் வாழ்ந்து மறைந்த தேவதாசி என்றது. மார்கழி முடிய ஒரு வாரமே இருந்த நேரம். பக்கத்திலேயே இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் கொதித்தது.

மணவாள மாமுனிகள் மடத்து ஜீயர் உண்ணாவிரதம் இருந்தார். தமிழகமெங்கும் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. காவல் நிலையங்களில் புகார்கள் குவிந்து, ராஜபாளையத்தில் வழக்கும் பதிவானது. புண்படுத்துவது நோக்கமல்ல என்று சொல்லி வைரமுத்து வருத்தம் தெரிவித்தார். தினமணி ஆசிரியர் கி. வைத்தியநாதன் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்கே நேரில் சென்று மன்னிப்பு வேண்டினார். வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனபோது, ஓர் ஆய்வாளரின் கருத்தை மேற்கோள் காட்டியதில் குற்றம் எங்கே இருக்கிறது என்று நீதிமன்றம் கேட்டது. விசாரணைக்கு இடைக்காலத் தடையும் விதித்தது.

அந்த ஊரின் மனவருத்தத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் இன்றும் வீட்டுப் பெண். அவள் தோளில் அமரும் பச்சைக்கிளியை இலைகளால் அன்றாடம் புதிதாகக் கட்டுகிறார்கள், அலகுக்கு மாதுளம்பூ. துளசித் தோட்டத்தில் பெரியாழ்வார் கண்டெடுத்த குழந்தை என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தவர்களுக்கு அந்த வரி சுடத்தான் செய்யும். அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. கல்வெட்டு உண்டா, குருபரம்பரை நூல்கள் என்ன சொல்கின்றன என்று விவாதித்திருந்தால் தமிழுக்கே லாபம். அந்த விவாதத்துக்கு இடமே இல்லாமல் போனதுதான் என் வருத்தம். பேச்சு ஒரே வாரத்தில் ஆய்விலிருந்து காவல் நிலையத்துக்கு நகர்ந்துவிட்டது.

கூட்டம் எழுத்தை நிறுத்துவது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல; அதற்கு முந்தைய ஆண்டு சீனத்தில் நடந்ததையும் பார்க்க வேண்டும். எழுத்தாளர் ஃபாங் ஃபாங், 1950-ஐ ஒட்டிய நிலச்சீர்திருத்தக் காலத்தில் ஒரு நிலவுடைமைக் குடும்பம் அழிந்த கதையை 2016-இல் நாவலாக வெளியிட்டார். 2017-இல் அதற்கு லூ யாவ் இலக்கியப் பரிசு கிடைத்தது. உடனே மாவோ ஆதரவுக் குழுக்களும் ஓய்வுபெற்ற உயர் அதிகாரிகளும் அந்த நாவல் புரட்சியை இழிவுபடுத்துகிறது என்று கிளம்பினார்கள். நாவல் கடைகளிலிருந்து காணாமல்போனது. சீனத் தணிக்கை என்றதும் சிவப்பு மையோடு உட்கார்ந்திருக்கும் அதிகாரி ஒருவரைத்தான் நாம் கற்பனை செய்கிறோம். அங்கேயும் கூட்டம் உண்டு. கூட்டமும் அரசும் ஒரே திசையில் நகரும்போது எழுத்தாளர் போய் நிற்க இடமில்லை.

அங்கே புத்தகம் அச்சேறும் வழி இது. புத்தக எண் இல்லாமல் எதுவும் முறைப்படி விற்பனைக்கு வராது. அந்த எண் அரசுப் பதிப்பகங்களுக்கு மட்டுமே கிடைக்கும். பதிப்பகத்துக்குள் கையெழுத்துப் பிரதியை மூன்று நிலைகளில் படிக்கிறார்கள். கலாச்சாரப் புரட்சி, தலைவர்களின் வாழ்க்கை, மதம், சிறுபான்மை இனங்கள் போன்ற பொருள்கள் என்றால் மேலிடத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 2018 முதல் பதிப்புத்துறை முழுவதும் கட்சியின் பிரச்சாரத் துறையின் நேரடிப் பொறுப்பில் இருக்கிறது. தவறான புத்தகம் வெளியானால் வேலை போவது ஆசிரியர் குழுவில் இருப்பவருக்கு. ஆகவே வெட்டுவது பெரும்பாலும் அவர்தான். அவருக்கும் முன்பே எழுத்தாளர் தன் கையாலேயே வெட்டிவிடுகிறார்.

இதை நாவலாசிரியர் யான் லியான்கே அளவுக்கு வெளிப்படையாகப் பேசியவர்கள் குறைவு. மாவோவின் புகழ்பெற்ற முழக்கத்தையே தலைப்பாக்கி, ராணுவத் தளபதியின் மனைவிக்கும் பணியாளுக்கும் இடையிலான உறவை எழுதிய அவருடைய குறுநாவல், 2005-இல் குவாங்சோவின் ஹுவாசெங் இதழில் சுருக்கப்பட்ட வடிவில் வந்தும் தடை செய்யப்பட்டது. அடுத்த நாவலுக்குக் களம் ஹெனான் மாகாணம். அங்கே 1990-களில் ஏழை விவசாயிகள் ரத்தம் விற்கப்போய், சுத்தம் செய்யாத கருவிகளால் ஊர் ஊராக எய்ட்ஸ் பரவியது. மானுடவியலாளர் ஒருவரின் உதவியாளராக அந்தக் கிராமங்களுக்குப் போய்வந்து யான் எழுதினார். இம்முறை தடைக்குப் பயந்து பலவற்றைத் தானே விட்டுவிட்டார். அப்படியும் 2006-இல் நாவல் வெளிவந்த பிறகு விற்பனை நிறுத்தப்பட்டது. அஞ்சி அஞ்சி எழுதியதும் உதவவில்லை என்ற கசப்போடு, வெளிவருமா என்ற கவலையையே விட்டுவிட்டு அவர் எழுதியதுதான் பெரும்பஞ்சத்தைப் பற்றிய 'நான்கு நூல்கள்'. தைவானில் 2011-இல் வந்தது. சீனப் பெருநிலத்தில் வரவில்லை.

எல்லாமே இருட்டு என்றும் சொல்ல முடியாது. யூ ஹுவாவின் 'வாழ்தல்' நாவல் அங்கே தாராளமாக விற்கிறது. அதை வைத்து ஜாங் யிமோ 1994-இல் எடுத்த படத்துக்குத்தான் தடை. சி. மோகன் மொழிபெயர்ப்பில் நாம் படித்த 'ஓநாய் குலச்சின்னம்' 2004-இல் சீனத்தில் வெளியாகி லட்சக்கணக்கில் விற்றது. ஜியாங் ரோங் என்ற புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர், 1989 தியானன்மென் போராட்டத்தை ஒட்டிச் சிறை சென்றவர்.

நம் நாட்டில் சினிமாவுக்குத் தணிக்கை வாரியம் உண்டு, புத்தகத்துக்குக் கிடையாது. யாரிடமும் அனுமதி வாங்காமல் அச்சிடலாம். வெளியான பிறகுதான் சட்டம் வரும். மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவதைக் குற்றமாக்கும் 295-ஏ பிரிவு 1927-இல் ஆங்கிலேயர் கொண்டுவந்தது. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவாக நீடிக்கிறது. மாநில அரசு ஒரு நூலைப் பறிமுதல் செய்யலாம்; அப்படிச் செய்தால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். அந்த ஆணையை எதிர்த்து இரண்டு மாதத்துக்குள் உயர்நீதிமன்றம் போகலாம். மூன்று நீதிபதிகள் விசாரிப்பார்கள். முறையான தடை என்றால் இத்தனை படிகள் உண்டு. அதனால்தான் நம் ஊரில் பெரும்பாலும் முறையான தடையே வருவதில்லை.

நாமக்கல் மாவட்டத்தில் நடந்தது வேறு. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் காலச்சுவடு வெளியீடாக வந்து நான்கு ஆண்டுகள் அமைதியாக விற்றது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் அதை எரித்தார்கள். அடுத்த மாதம் ஊரே கடையடைத்தது. 2015 ஜனவரி 12 அன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை. மனப்பூர்வமான வருத்தம் என்று எழுத்தாளர் எழுதித்தர முன்வந்தது போதவில்லை. நிபந்தனையற்ற மன்னிப்பு என்று திருத்தியபின் கையெழுத்து வாங்கினார்கள். விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவதாகவும் ஒப்புக்கொள்ள வைத்தார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவர் முகநூலில் அறிவித்தது அதன் பிறகுதான். அரசாணை எதுவும் வெளியாகவில்லை. எந்தச் சட்டப்பிரிவின் பெயரும் இல்லாமல் ஒரு நாவல் நின்றுபோனது.

இந்த இடத்தில் நமக்கும் சீனத்துக்கும் வித்தியாசம் மயிரிழை அளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே பதிப்பாசிரியரை வைத்துச் செய்வதை இங்கே அமைதிக் கூட்டத்தை வைத்துச் செய்தார்கள். ஆனால் அந்த மயிரிழை பெரியது. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் நீதிமன்றம் போக முடிந்தது. 2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு நாவலுக்கு எதிரான மனுக்களைத் தள்ளி, பெருமாள்முருகன் மீண்டும் எழுத வேண்டும் என்றது. அதே ஆண்டில் அவர் 'பூனாச்சி' நாவலோடு திரும்பி வந்தார். யான் லியான்கேவுக்கு அப்படிப் போய் நிற்க ஒரு நீதிமன்றம் இல்லை.

எழுதுகிறவர்களும் பதிப்பிக்கிறவர்களும் அந்தத் தீர்ப்பில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, ஜனவரி 12 பேச்சுவார்த்தை பற்றி அது சொன்னது: அங்கே வாங்கிய கையெழுத்து யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. நாளைக்கு எந்த ஊரிலாவது ஒரு கதைக்காக எழுத்தாளரை அலுவலகத்துக்கு அழைத்து, தட்டச்சு செய்த தாளை நீட்டினால், அவர் கையெழுத்திடாமல் எழுந்து வரலாம்.