வலிப்பு நோய்க்கு மருந்து பலன் தருமா? மூளை ஸ்கேன் முன்கூட்டியே சொல்லக்கூடியது எவ்வளவு?

புதுதில்லி: கால்-கை வலிப்பு என்று மருத்துவர் உறுதிசெய்யும் நாளில் நோயாளியின் குடும்பத்தினர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இந்த மாத்திரையில் வலிப்பு நின்றுவிடுமா? கொடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்பதே இன்றுவரை மருத்துவம் தரும் நேர்மையான பதில். அந்தக் காத்திருப்பை மூளைப் படங்களின் உதவியால் குறைக்க முடியுமா என்பதை நரம்பியல் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர்.

உலகில் சுமார் 5 கோடி பேர் வலிப்பு நோயுடன் வாழ்வதாக உலக சுகாதார அமைப்பு தெரிவிக்கிறது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமானோர் இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. முறையாகக் கண்டறிந்து சிகிச்சை அளித்தால் இவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும். எஞ்சியவர்கள் யார் என்பதை முதல் நாளிலேயே அறிய முடியாததுதான் சிக்கல்.

பிரிட்டனின் கிளாஸ்கோ நகரில் பேட்ரிக் குவான், மார்ட்டின் பிராடி ஆகியோர் நடத்திய ஆய்வு 2000-ஆம் ஆண்டு வெளியானது. அதுவரை மருந்தே எடுத்திராத 470 நோயாளிகளில் 47 சதவீதம் பேருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. இரண்டாவது அல்லது மூன்றாவது மருந்தில் நின்றது 14 சதவீதம் பேருக்கு மட்டுமே. அதன்பின் பல புதிய மருந்துகள் சந்தைக்கு வந்தன. எனினும், அதே நகரின் 1,795 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2018-இல் வெளியிடப்பட்ட ஆய்விலும் வலிப்பிலிருந்து விடுபட்டோர் ஏறத்தாழ 64 சதவீதம்தான். முப்பது ஆண்டுக்கால மருந்துக் கண்டுபிடிப்புகள் இந்த விகிதத்தைப் பெரிதாக அசைக்கவில்லை.

பொருத்தமான இரண்டு மருந்துகளை உரிய அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால், அதனை மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்று சர்வதேச வலிப்பு நோய்த் தடுப்புக் கழகம் 2010-இல் வரையறுத்தது. படிக்கும்போது எளிமையாகத் தோன்றும் இந்த வரையறை, நடைமுறையில் ஆண்டுகளை விழுங்குகிறது. மருந்தின் அளவை மெல்ல மெல்லத்தான் உயர்த்த முடியும். சில மாதங்களுக்கு ஒருமுறை மட்டும் வலிப்பு வருபவருக்கு, மருந்து வேலை செய்கிறதா என்று முடிவு கட்டவே ஓராண்டு அல்லது அதற்கும் மேல் ஆகும். அதற்குள் படிப்பு நின்றுபோகலாம், வேலை பறிபோகலாம். கட்டுப்படாத வலிப்பு உள்ளவர்களுக்குக் காயங்களும் திடீர் மரண அபாயமும் அதிகம். திருமணத்தைப் பொறுத்தவரை, இந்து திருமணச் சட்டத்தில் தடையாக இருந்த வலிப்பு நோய் 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீக்கப்பட்டது. சட்டம் மாறிய வேகத்தில் வீடுகள் மாறவில்லை.

படத்தில் தெரியும் தழும்பு

மூளையின் பக்கவாட்டில், காதுக்கு உட்புறமாக, கடற்குதிரை வடிவில் ஹிப்போகேம்பஸ் என்ற சிறு பகுதி உள்ளது. நினைவுகளைப் பதிவுசெய்ய உதவும் இப்பகுதி சிலருக்குச் சுருங்கித் தழும்பேறிப்போகிறது. நல்ல தரமான எம்ஆர்ஐ ஸ்கேனில் இது தெளிவாகத் தெரியும். மருந்து எளிதில் பலிக்காது என்பதற்கு மருத்துவர்கள் அதிகம் நம்பும் அடையாளம் இதுவே.

பாரிஸில் 2,200 நோயாளிகளை ஆராய்ந்து 1998-இல் வெளியிடப்பட்ட முடிவுகள் இதற்கு அடித்தளம் இட்டன. ஹிப்போகேம்பஸில் தழும்பு இருந்தவர்களில் 11 சதவீதம் பேர் மட்டுமே ஓராண்டுக்கு மேல் வலிப்பின்றி இருந்தனர். பக்கவாதத்தால் வலிப்பு வந்தவர்களில் இந்த விகிதம் 54 சதவீதம். மூளையில் புலப்படும் சேதம் ஏதுமின்றி, பரம்பரைக் கூறுகளால் வருவதாகக் கருதப்படும் பொதுவகை வலிப்பில் 82 சதவீதம்.

ஆனால் இந்த 11 சதவீதத்தை அப்படியே ஒவ்வொரு நோயாளிக்கும் பொருத்திவிட முடியாது. பாரிஸ் ஆய்வு நடந்தது ஒரு பெரிய சிறப்பு மருத்துவமனையில். மருந்துக்கு அடங்காத நோயாளிகளே அத்தகைய இடங்களை அதிகம் நாடி வருவர். கிளாஸ்கோவில் 2001-இல் வெளியான ஆய்வில், அதே தழும்பு உள்ளவர்களில் 42 சதவீதம் பேருக்கு மருந்திலேயே வலிப்பு நின்றிருந்தது. படம் ஒன்றாக இருந்தாலும், யாரை ஆராய்கிறோம் என்பதைப் பொறுத்து எண் நான்கு மடங்கு வரை மாறுகிறது. தழும்பு ஓர் எச்சரிக்கையே தவிர, தீர்ப்பு அல்ல.

இந்தியாவில் ஒரு வெண்புள்ளி

மூளைப் படம் மருந்தின் போக்கைக் காட்டுவதற்கு இந்தியாவிலேயே ஒரு வலுவான எடுத்துக்காட்டு உண்டு. இங்கு வலிப்புக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்குவது. சுத்தமற்ற நீர், கழுவப்படாத காய்கறி ஆகியவற்றின் மூலம் முட்டைகள் உடலுக்குள் செல்வதால், பன்றி இறைச்சியைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் இது வருகிறது.

சிடி ஸ்கேனில் சிறு கட்டியாகத் தெரியும் இதனை, காசநோய்க் கட்டி என்று கருதி மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்த காலம் ஒன்று இருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வேதாந்தம் ராஜசேகர், மேத்யூ சாண்டி ஆகியோரின் ஆய்வுகள் இதனைத் தெளிவுபடுத்தின. கட்டி ஒன்றே ஒன்றாகவும் 20 மில்லிமீட்டருக்கு உட்பட்டதாகவும் இருப்பது உள்ளிட்ட அடையாளங்களைக் கொண்டு, அறுவை செய்யாமலேயே அது புழுக்கட்டி என்று கூற முடியும் என அவை நிறுவின.

மருந்தின் கதை அடுத்த ஸ்கேனில் தொடங்குகிறது. சில மாதங்களுக்குப் பின் எடுக்கும் படத்தில் கட்டி முற்றிலும் மறைந்திருந்தால், வலிப்பு மருந்தை விரைவிலேயே படிப்படியாக நிறுத்துவது குறித்து மருத்துவர் யோசிக்க முடியும். அது சுண்ணாம்பு படிந்த வெண்புள்ளியாக மாறியிருந்தால், மருந்தை நிறுத்தியதும் வலிப்பு திரும்பும் வாய்ப்பு அதிகம். நீண்டகாலம் தொடர வேண்டியிருக்கும். விலை உயர்ந்த எம்ஆர்ஐயைவிடச் சாதாரண சிடி ஸ்கேனே இந்தப் புள்ளியைத் தெளிவாகக் காட்டும் என்பது கவனிக்கத்தக்கது.

மருந்தை வெளியேற்றும் புரதம்

சிலருக்கு மருந்து ஏன் பலிப்பதில்லை என்பதையே படம் பிடிக்கும் முயற்சியும் நடந்துள்ளது. மூளை ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள பி-கிளைக்கோபுரோட்டீன், உள்ளே நுழையும் வேதிப்பொருட்களை மீண்டும் ரத்தத்துக்குள் தள்ளிவிடும் ஒரு புரதம். மருந்துக்கு அடங்காதவர்களிடம் இது மிகையாகச் செயல்படுகிறது என்பது நெடுநாள் சந்தேகம். பிரிட்டன் ஆய்வாளர்கள், கதிரியக்கக் கார்பன் சேர்த்த வெரப்பமில் என்ற பொருளைச் செலுத்தி பெட் ஸ்கேன் எடுத்தனர். மருந்துக்குக் கட்டுப்படாத 14 பேரையும் வலிப்பு நின்றிருந்த 8 பேரையும் ஒப்பிட்டபோது, முதல் பிரிவினரின் மூளையின் சில பகுதிகளில் அப்புரதத்தின் செயல்பாடு கூடுதலாக இருந்தது. 2013-இல் வெளியான இந்த முடிவு அறிவியலுக்கு முக்கியமானது. வெளிநோயாளிப் பிரிவுக்கு இன்னும் வந்து சேராதது. எண்ணிக்கை சிறியது என்பது ஒரு காரணம். அந்தக் கார்பனின் கதிரியக்கம் சுமார் 20 நிமிடங்களில் பாதியாகிவிடுவதால், அதனைத் தயாரிக்கும் இயந்திரம் ஸ்கேன் அறைக்கு அருகிலேயே இருந்தாக வேண்டும் என்பது மற்றொன்று.

செயற்கை நுண்ணறிவும் இப்பணியில் இறங்கியுள்ளது. ஐந்து மையங்களைச் சேர்ந்த 1,798 புதிய நோயாளிகளின் வயது, நோய் வரலாறு, இஇஜி, ஸ்கேன் முடிவு போன்ற விவரங்களைக் கொண்டு, முதல் மருந்து பலிக்குமா எனக் கணிக்கும் மென்பொருள் குறித்த ஆய்வு 2022-இல் வெளியானது. கணிப்புத் திறனை அளக்கும் அளவுகோலில் அது பெற்ற மதிப்பெண் 0.65. அந்த அளவுகோலில் நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொல்வதற்கு 0.5; பிழையே இல்லாத கணிப்புக்கு 1.

முன்கூட்டித் தெரிந்தால் என்ன பயன்?

மருந்து பலிக்காது என்று முன்னரே ஊகிப்பது நம்பிக்கையைக் குலைக்கும் செய்தியாகத் தோன்றலாம். உண்மையில் அது அறுவை சிகிச்சைக்கான பரிசோதனைகளை முன்கூட்டியே தொடங்க வழிவிடுகிறது. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் மருந்துக்கு அடங்காத வலிப்பு கொண்ட 116 சிறார்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2017-இல் வெளியானது. அறுவை சிகிச்சை பெற்றவர்களில் 77 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் வலிப்பின்றி இருந்தனர். மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் 7 சதவீதம் பேர். அறுவை செய்தவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கை அல்லது கால் பலவீனம் போன்ற கடுமையான பாதிப்புகள் ஏற்பட்டதையும் அதே ஆய்வு பதிவுசெய்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995 முதலே வலிப்புக்கான அறுவை சிகிச்சைத் திட்டம் இயங்கி வருகிறது.

இவை அனைத்துக்கும் ஸ்கேன் சரியாக எடுக்கப்பட்டிருக்க வேண்டும். தலைவலிக்கு எடுப்பதைப்போன்ற பொதுவான எம்ஆர்ஐயில், இடைவெளி விட்டு எடுக்கப்படும் தடித்த குறுக்குவெட்டுப் படங்களுக்கு நடுவே சிறு தழும்பு நழுவிப்போகலாம். வலிப்பு நோயாளிகளுக்கு மெல்லிய, இடைவெளியற்ற முப்பரிமாணப் படங்கள் தேவை என்று சர்வதேசக் கழகத்தின் நிபுணர் குழு 2019-இல் பரிந்துரைத்தது. 'இயல்பு' என்று வரும் அறிக்கை, வலிப்பு நோய் இல்லை என்பதற்கோ மாத்திரையை நிறுத்தலாம் என்பதற்கோ சான்று ஆகாது. பாரிஸ் ஆய்வில் மருந்துக்கு மிக நன்றாகக் கட்டுப்பட்ட அந்த 82 சதவீதத்தினர், இயல்பான ஸ்கேன் கொண்டிருந்தும் வலிப்பு நோயாளிகளாக மருந்து எடுத்துக்கொண்டவர்கள்தான்.